மூன்றாவது வரன்

என் வீட்டுக்காரர் இறந்த அன்று ஊரில் பாடை கட்ட ஆள் இல்லை. அதுவரை யார் வீட்டில் சாவு விழுந்தாலும் மூங்கில் வெட்டி, பச்சை ஓலை முடைந்து, முடிச்சுப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அவருக்கே கட்ட வேண்டிய நாள் வந்ததும் ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் பக்கத்து ஊரிலிருந்து ஒருவரைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிவந்தார்கள். அவர் கட்டியது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக இருந்தது. "இதை மட்டும் இவர் பாத்தா எந்திரிச்சு அவுத்துக் கட்டிட்டுத்தான் மறுபடி படுப்பாரு" என்றேன். அழுதுகொண்டிருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஊர்க்காரியம் பார்க்கிறவன் வீட்டைக் கவனிக்க மாட்டான் என்று பேசுவார்கள். இவர் இரண்டையும் பார்த்தார். தூங்குவதைத்தான் பார்க்கவில்லை.

எங்களுக்கு இரண்டு பெண்கள். இளையவள் பிறந்தபோது நான் வெகு நாள் படுத்துக் கிடந்தேன். மூத்தவளுக்குத் தலை பின்ன வீட்டில் வேறு ஆள் இல்லை. இவர் எதிர்வீட்டுப் பெண்ணை உட்காரவைத்து, அவள் பின்னலைப் பார்த்து, வைக்கோல் புரி முறுக்குகிற கையால் பின்னப் பழகிக்கொண்டார். நான் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் பெண்கள் இருவரும் என்னிடம் தலையைக் காட்டவில்லை. "அம்மா இழுக்கும், அப்பா இழுக்காது" என்றார்கள். பள்ளிக்கூடம் போகிற காலம் முழுக்க, காலையில் வயலுக்குப் போய்த் தண்ணீர் பார்த்துவிட்டு வந்து, சேற்றைக் கழுவிக்கொண்டு, வாயில் ரிப்பனைக் கவ்வியபடி உட்கார்ந்து இரண்டு தலையையும் பின்னிவிட்டுத்தான் பழைய சோற்றில் கை வைப்பார். தெருவில் கேலி பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பின்னினால் சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது.

கும்பகோணத்துக்கு எந்த வேலையாகப் போனாலும் எனக்குக் காப்பித்தூள் வாங்காமல் திரும்பமாட்டார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். அவர் தெருமுனை திரும்பும்போதே எனக்கு வாசனை வந்துவிடும். அந்த ஒரு வாசனைக்காக எத்தனையோ சண்டையை நான் பாதியில் விட்டிருக்கிறேன்.

ஏனென்றால் சண்டைக்குக் குறைவே இல்லை. எங்களுக்குக் கோயில் நிலத்தில் கொஞ்சம் குத்தகை. அதில் விளைவதுதான் வருஷத்துச் சாப்பாடு. ஆனால் நடவு நாளாகப் பார்த்து யாராவது ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுக்கும், இவர் வண்டியைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். கல்யாணம் என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்தி வரை நிற்பார். மேட்டூர் திறக்கப்போகிறார்கள் என்று ரேடியோவில் சொன்ன மறுநாள், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டுவார். வாய்க்காலில் மண்டிக் கிடக்கிற கோரையை வெட்டி எறியாவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன, யாராவது வந்து கூப்பிட வேண்டும். அந்த யாராவது இவர்தான். "உங்களுக்குச் சம்பளம் யாரு குடுக்குறா?" என்று கேட்டால், "நீதான் மூணு வேளையும் போடுறியே" என்பார். இப்படிப் பேசுகிற மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது?

எங்கள் ஊரில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்கள் குடியானத் தெரு, அதைத் தாண்டிக் கோயில், மிராசுதார்களின் பெரிய வீடுகள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வயல் வேலை செய்கிறவர்களின் தெரு. அந்தத் தெருவை அந்தக் காலத்தில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. மேடையில் எல்லோரும் சமம் என்று பேசினார்கள், கேட்டுவிட்டு வந்தவர்கள் டீக்கடையில் இரண்டு விதமான கிளாஸில் டீ குடித்தார்கள்.

அப்படி ஒரு காலத்தில்தான் ஒரு புயல் அடித்தது. அந்தத் தெருவில் ஒரு கூரை மிஞ்சவில்லை. இவர் பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லி அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மிராசுதார் வீட்டில் அரிசி கேட்டு வாங்கி, மைதானத்தில் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினார். அதுவரைக்கும் ஊர் மெச்சிக்கொண்டது. எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தானும் ஒரு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து குடித்தாரே, அதைத்தான் ஊர் விடவில்லை.

"ஊத்துனீங்க, சரி. அங்கேயே உக்காந்து குடிக்கணுமா?" என்று நானும் கேட்டேன்.

"பசிச்சுது. தவிர, ஊத்துறவன் குடிக்காம எந்திரிச்சுப் போனா, அவங்க மனசு என்ன பாடுபடும்?"

எனக்கு அப்போது அது பெரிய பதிலாகத் தெரியவில்லை. வெளியில் என்ன பேசுவார்கள் என்பதுதான் தெரிந்தது. நான் நினைத்தபடியேதான் பேசினார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் கல்யாணம், சாவு எதற்குக் கூப்பிட்டாலும் இவர் போனார், கொடுத்ததைச் சாப்பிட்டார். ஒளிக்கவும் இல்லை, தண்டோரா போடவும் இல்லை.

மூத்தவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது அதற்கு விலை கொடுக்க வேண்டி வந்தது.

முதலில் கும்பகோணத்துப் பக்கம் ஒரு குடும்பம். ஜாதகம் அவர்களுடைய ஜோசியரே பார்த்துப் பேஷாகப் பொருந்துகிறது என்று சொன்ன பிறகுதான் வந்தார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டது என்று வாய்விட்டுச் சொன்னார்கள். திரும்பிப் போகிற வழியில் டீக்கடையில் இறங்கி விசாரித்திருக்கிறார்கள். ஒரே வாரத்தில் அதே ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார்கள். இரண்டாவதாக வந்த இடத்தில் அந்த மரியாதைகூட இல்லை. தரகர் வந்து வாசல் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு தங்கமான பொண்ணு. அப்பாதான் கண்ட இடத்துல சாப்புடுறவராமேன்னு கேக்குறாங்க" என்றார். மூத்தவள் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் அன்று பேசியதை எல்லாம் எழுதினால் தாள் போதாது. "ஊருல உள்ள பொண்ணுங்க கல்யாணத்துக்கெல்லாம் பந்தி போட்டீங்க. நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு இலை போட விடமாட்டேங்குறாங்களே, இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன். மூத்தவள்தான் வெளியே வந்து, எதுவுமே நடக்காததுபோல் அவர் முன்னால் உட்கார்ந்து, "அப்பா, பின்னி விடுங்க" என்றாள். பத்தொன்பது வயதுப் பெண். அவர் பின்னினார். பின்னி முடித்ததும் எழுந்து கொல்லைப்பக்கம் போனவர் வெகு நேரம் உள்ளே வரவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது.

மூன்றாவதாக வந்ததுதான் பேராவூரணிப் பக்கத்து வரன். தென்னந்தோப்புக் குடும்பம், பையன் பள்ளிக்கூட வாத்தியார். அவர்கள் பக்கத்து வழக்கப்படி முதலில் ஆண்கள் மட்டும் வந்து வீடு வாசலைப் பார்ப்பார்களாம், பெண்பிள்ளைகள் வருவதெல்லாம் அதற்கப்புறம். தை மாதத்தில் ஒரு நாள் சொல்லியிருந்தார்கள். பெண் பார்க்க வருவதை நிச்சயமாகும் வரை யாருமே வெளியில் சொல்வதில்லை. நான் ஒரு படி மேலே போனேன். அக்கம்பக்கத்துக்கு மூச்சு விடக்கூடாது, குறிப்பாக வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தெரியவே கூடாது என்று இவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். விசாரிக்க ஆள் கிடைத்தால்தானே விஷயம் வெளியே வரும்? செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஒரு விஷயத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வது இவருக்கு அதுதான் முதல் தடவை, பாவம், வயிற்று வலிக்காரர் மாதிரி நடமாடினார்.

ஆனால் அந்தத் தை சாதாரணத் தையாக இல்லை. அந்தத் தெருக்காரர்கள் கூலி உயர்த்திக் கேட்டதில் அறுவடை நின்றுபோயிருந்தது. முற்றிய சம்பா தலை சாய்ந்து கிடக்க, வரப்பெல்லாம் சிவப்புக் கொடி. எங்கள் குத்தகை நிலமும் அறுக்காமல்தான் கிடந்தது. கேட்ட கூலியைக் கொடுத்து அறுத்துக்கொள்கிறேன் என்று இவர் சொன்னால் மிராசுதார்கள் விடமாட்டார்கள். வீட்டு ஆட்களை வைத்து அறுத்தால் அந்தத் தெருவுக்குச் செய்கிற துரோகம். ஆகவே தினமும் வரப்பில் நின்று கதிரைப் பார்த்துவிட்டு வருவார். மிராசுதார்கள் தெற்கேயிருந்து வெளியாட்களைக் கொண்டுவந்து அறுக்கப் பார்த்தார்கள். முதல் லாரி வந்த அன்று பாலத்தடியில் தடியும் அரிவாளும் எதிரெதிரே நின்றன. இவர்தான் ஓடிப்போய் நடுவில் நின்றார்.

"வந்திருக்கவனும் வயித்துக்கு இல்லாமத்தான் வந்திருக்கான். அவனை அடிச்சா உங்களுக்கு என்ன கூலி ஏறிடுமா? கஞ்சி ஊத்துங்க, விஷயத்தைச் சொல்லுங்க, திருப்பி அனுப்புங்க" என்றாராம். "நீங்க யாரு பக்கம்?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். "அடிபட்டா ரெண்டு பக்கத்துக்கும் வண்டி கட்டுறவன் நான்தானேப்பா. என் மாடு பாவம்" என்று சொல்லியிருக்கிறார். கை ஓங்கினவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து பாலத்தடியில் அதுவே முறையாகிப்போனது. அரசமரத்து நிழலில் போராட்டக்காரர்களின் பொது அடுப்பு எரியும். வெளியாள் லாரி வந்தால் நிறுத்துவார்கள், இறக்கி உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றுவார்கள், நியாயத்தை எடுத்துச் சொல்லி வந்த வழியே அனுப்புவார்கள். ஒருவர் மேலும் ஒரு கீறல் விழவில்லை.

வரன் வருகிற நாளும் வந்தது. விடியலிலேயே அடுப்பு மூட்டிவிட்டேன். முருங்கைக்காய் சாம்பார், கத்தரிக்காய் வறுவல், வாழைக்காய் பொரியல், உளுந்து வடை, பால் பாயசம். பஸ்ஸில் வருவார்கள் என்று நினைத்து இவர் காலையிலேயே சலவை வேட்டி கட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார். பஸ் ஒவ்வொன்றாகப் போனது. சின்ன முள் பன்னிரண்டைத் தாண்டி ஒரு மணியும் ஆகப் போகிறது, ஆளைக் காணோம். மூத்தவள் பட்டுப்புடவையோடு கட்டிலில் உட்கார்ந்து, "இவங்க வர்றதுக்கு முன்னாடியே விசாரிச்சுட்டாங்களோ என்னவோ" என்றாள். விளையாட்டாகச் சொல்வதுபோல்தான் சொன்னாள், நான் போய் ஆறிப்போன சாம்பாரை மறுபடி அடுப்பில் ஏற்றினேன்.

அப்போதுதான் எங்கள் வயலில் நடவுக்கு வருகிற அம்மாள் கொல்லைப்பக்கமாக ஓடிவந்தாள். அவள் அந்தத் தெருதான். சிரிப்பை அடக்க முடியாமல் வந்தாள்.

"ஐயா எங்கம்மா? பாலத்தடியில காலையில ஒரு வெளியாள் லாரியப் புடிச்சு வச்சிருக்கோம். தெக்கத்தி ஆளுங்க. கட்டு கட்டக் கயிறு, அரிவாளு, சமைக்கத் தேங்கா மூட்ட, எல்லாத்தோடயும் வந்திருக்கானுவ. கேட்டா என்ன சொல்றானுவ தெரியுமா? நம்ம ஐயா வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தோம்ங்கறானுவ!"

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். "நீங்க என்ன சொன்னீங்க?"

"யாருகிட்ட கத வுடுறீங்கன்னு கேட்டோம். ஐயா வீட்டுல ஒரு விசேசம்னா எங்களுக்குத் தெரியாம நடக்குமா?"

அவளை மெயின் ரோட்டுக்கு ஓடி இவரைக் கூட்டிவரச் சொல்லிவிட்டு, நான் செருப்புக்கூடப் போடாமல் பாலத்தை நோக்கி நடந்தேன். பிறகுதான் முழு விவரம் தெரிந்தது. பையனின் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவருடைய லாரி, கும்பகோணத்துக்குக் கயிறு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. பஸ் செலவும் அலைச்சலும் எதற்கு என்று அதிலேயே ஏறிக்கொண்டார்கள். பனிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கயிற்றுக் கட்டுகளின் மேல் வரிசையாக ஆண்கள். இளநீர் சீவ அரிவாள். எங்களுக்கென்று ஆசையாகக் கொண்டுவந்த தேங்காய் மூட்டை. லாரி ஆற்றங்கரைச் சாலையில் வந்து பாலத்தில் ஏறினால், தை மாதத்தில் எங்கள் ஊரில் யார்தான் அவர்களைச் சம்பந்தம் பேச வந்தவர்கள் என்று நினைப்பார்கள்?

நான் போனபோது அரசமரத்தடியில் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தடித்த மீசையும் காதில் கடுக்கனுமாக ஒருவர் நடுவில் சாக்கின்மேல் சம்மணம் போட்டிருந்தார். அவர்தான் பையனின் அப்பா என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர் கையில் அலுமினியக் கிண்ணம். தொட்டுக்கொள்ள சுட்ட கருவாட்டுத் துவையல். கிண்ணத்தைச் சாய்த்து மிச்சம் வைக்காமல் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே, போராட்டக்காரர்களில் பெரியவர் ஒருவர் அகப்பையும் கையுமாக உட்கார்ந்து அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"யாரு பேரை வேணாலும் சொல்லுங்க. அவரு பேரை மட்டும் சொல்லி ஏமாத்தாதீங்க. அவரு யாருன்னு தெரியுமா உங்களுக்கு? புயலடிச்ச வருசம் எங்ககூட உக்காந்து, இதே மாதிரி கஞ்சி வாங்கிக் குடிச்ச மனுசன். இன்னிக்கும் எங்க வூட்டுல வந்து சாப்புடுவாரு. கேட்டுப் பாருங்க, யாரை வேணாலும்."

யாரிடமும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. டீக்கடைக்காரன் ஒரு வாரம் முயன்றாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. நான் மரத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன். முடிந்தது, இந்த இடமும் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குள் இவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வேட்டியெல்லாம் புழுதி. இறங்கினவர் சைக்கிளை நிறுத்தக்கூடத் தோன்றாமல் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினார். "மன்னிச்சுக்குங்க. மன்னிச்சுக்குங்க. நான்தான் பொண்ணோட அப்பன்." அகப்பையோடு இருந்த பெரியவர் இவரைப் பார்த்தார், மீசைக்காரரைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். "மெய்யாலுமே பொண்ணு பாக்கத்தான் வந்தீங்களா! ஐயா, ஒரு வார்த்தை எங்ககிட்டச் சொல்லக் கூடாதா?" என்று அழாத குறையாகக் கேட்டார். இவர் என் பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்தார். பையனின் அப்பா கிண்ணத்தைக் கீழே வைத்தார், கையைக் கழுவினார், மீசையைத் துடைத்துக்கொண்டார். "வீடு எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

அவர்களை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கூடத்தில் பாய் விரித்தேன். மூத்தவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நிமிர்ந்து பார்த்தார்கள், பேரும் படிப்பும் கேட்டார்கள். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. கூடவே வந்திருந்த வாத்தியார்ப் பையன் அவளைப் பார்த்த பார்வையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் உள்ளே போனதும் நான் இலை போட்டேன். இவர் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, வழக்கம்போல் பந்தியின் முதல் இலைப் பக்கத்தில் நின்றார்.

"சாப்பிட வாங்க" என்று நான் கூப்பிட்டேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பையனின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருக்கட்டும்மா. சாப்பாடெல்லாம் வேணாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பெண் பார்க்க வந்தவர்கள், சம்பந்தம் பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். கை நனைக்காமல் எழுந்தால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். வாளியோடு அப்படியே நின்றார். எத்தனை ஆயிரம் இலைகளுக்குக் குனிந்து பரிமாறிய மனுஷன், சொந்தப் பெண்ணுக்காகப் போட்ட வெறும் இலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு எங்கிருந்து அந்த ஆவேசம் வந்தது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் எதற்காக அவரைக் கரித்துக்கொட்டினேனோ, அதற்காகவே அன்று சண்டைக்கு நின்றேன்.

"அந்தப் பெரியவர் சொன்னதெல்லாம் நெசம்தாங்க" என்றேன். "இவரு அங்க சாப்பிட்டாரு. சாப்பிடுறாரு. நாளைக்கும் கூப்பிட்டா போய்ச் சாப்பிடுவாரு. நான் சொல்லியே கேக்கல, வேற யாரு சொல்லியும் கேக்கப் போறதில்ல. இவரு மேல ஒரு குத்தம் சொல்ல இந்த ஊருல ஆளு கெடையாது. அதுக்காகத்தான் என் பொண்ணு வேணாம்னா வேணாம்னு நேரா சொல்லிட்டுப் போங்க. ஜாதகம் பொருந்தலைன்னு ஊருக்குப் போய் ஆளு மட்டும் அனுப்பிடாதீங்க."

"ஏய், சும்மா இரு" என்றார் இவர், சத்தமே வராமல்.

பையனின் அப்பா எழுந்தார். மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். கூடத்தின் ஓரத்துக்கு என்னை வரச்சொல்லி, பின்னால் இருப்பவர்களை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். அந்தப் பெரிய மீசைக்கு அது பொருந்தவே இல்லை.

"வயித்துல எடம் இல்லம்மா. வெடியக்காலம் கிளம்புனது, ஒரு காப்பி இல்ல, தண்ணி இல்ல. அந்த மரத்தடியில ரெண்டு தடவை கேட்டு வாங்கிக் குடிச்சுட்டேன். மூணாவது தடவை அவங்களா ஊத்துனாங்க, வேணாம்னு சொல்ல மனசு வரல. கருவாடு வேற. கூட வந்தவன்லாம் எனக்கு மேல." என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்க வீட்டுல பொம்பளைங்களுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. கல்யாணத்துக்கு வரும்போது நீங்க வாய்தவறிக்கூடச் சொல்லிடாதீங்க, சம்பந்தியம்மா."

எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கேட்டும் கேட்காத தூரத்தில் நின்ற இவர், "என்ன சொல்றாரு?" என்று கண்ணாலேயே கேட்டார். கேட்டபடியே வாளியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் போய் அவர் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தேன்.